இப்றாஹிம் எடுக்காத வட்டி

பதினாலு வருடமாக ஒரே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளிய இப்றாஹிம், அதன் தலையில் இன்னொரு பொய்யையும் தூக்கி வைத்தாரே, அங்கேதான் பிடித்தது வினை. முதல் பொய் யோசித்து, பார்த்துப் பார்த்துக் கட்டிய பொய். இரண்டாவது அவசரத்துக்கு வாயில் வந்தது.

ஜூன் மாதத்துப் பென்சன் பத்தாம் திகதி வங்கியில் விழுந்தது. மறுநாள் காலை, வழக்கம்போலப் பாலத்தடித் தேநீர்க்கடையில் இப்றாஹிமும் கந்தப்போடியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இப்றாஹிமுக்கு வீடு காத்தான்குடியில். கந்தப்போடி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை ஆள். பாலத்தின் மேல் சைக்கிள் மிதித்து வருவார். ஆளுக்கொரு பிளேன்டீ குடித்து முடிந்ததும் இப்றாஹிம் சேர்ட் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டுவார். கந்தப்போடி அதைத் திறந்தும் பார்க்காமல் சாரத்து மடிக்குள் செருகிக்கொள்வார். பிறகு ஊர்ப்புதினப் பேச்சு. பதினாலு வருடமாக மாதம் தவறாமல் இதுதான் நடக்கிறது.

அன்றைக்கு உறைக்குள் ஆயிரம் ரூபாய் குறைவு. மனைவி நபீஸாவின் கண் புரை ஒப்பரேசனுக்கு உள்ளே வைக்கிற வில்லையை வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் கை வறண்டுவிட்டது.

"மச்சான், இந்த முறை ஒம்பதாயிரம்தான் இரிக்கு."

கந்தப்போடி ஏனென்று கேட்கவில்லை. கேட்காத மனிதருக்கு எதற்கு விளக்கம்? பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பியிருக்கலாம். இப்றாஹிமுக்கு வாய் நிற்கவில்லை.

"அரசாங்கம் வட்டியில வெட்டுது மச்சான். ஏப்ரல்ல இருந்து நூத்துக்குப் பத்தாம், எனக்கு இந்த மாசம்தான் பிடிச்சிரிக்கானுகள். பத்தாயிரத்துக்கு ஆயிரம் போயிட்டு."

அதில் பாதி மெய். முன்னர் வட்டியில் நூற்றுக்கு ஐந்து வரி பிடித்தார்கள், ஏப்ரலில் அதைப் பத்தாக்கினார்கள். அதுவரை சரி. பத்தாயிரம் வட்டி என்றாரே, அதுதான் பொய். அந்தக் கணக்கில் மாதம் விழுகிற வட்டி ஆயிரம் ரூபாய்கூட வராது. மிச்சமெல்லாம் இப்றாஹிமின் பென்சன் காசு. அது கந்தப்போடிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

கந்தப்போடி கிளாசை மேசையில் ணங்கென்று வைத்தார்.

"கிழடு கட்டையள்ற காசிலயுமா கை வைக்கிறானுகள்? ஆரக் கேட்டு வெட்டுறானுகள்?"

"சட்டம் மச்சான். நாம என்ன செய்யிற?"

"நீ இப்பிடித்தான், எல்லாத்துக்கும் தலையாட்டிப் போட்டு வருவாய். நம்மட பக்கத்து வளவுக் கேதீஸ்வரி பிரதேச செயலகத்திலதானே வேலை. அவளக் கேட்டா வழி சொல்லுவாள். நீ சும்மா இரு, நான் பாக்கிறன்."

"ஆயிரம்தானே, விடு மச்சான்," என்று இப்றாஹிம் சொல்வதற்குள் கந்தப்போடி சைக்கிளில் ஏறிவிட்டார்.

இந்தக் கதைக்கு அடி எங்கே இருக்கிறதென்றால் அந்தப் பாலம் நிற்கிற இடத்தில்தான். பாலம் வருமுன்னர் அங்கே பாதை ஓடியது. தட்டையான பெரிய இரும்புத் தெப்பத்தைத்தான் அங்கே பாதை என்பார்கள். கரைக்குக் கரை கட்டிய கம்பிக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஆட்களையும் வண்டி வாகனத்தையும் சுமந்துகொண்டு மெல்ல மெல்ல அக்கரை போய்ச் சேரும். எழுபத்தாறாம் ஆண்டு தை மாதம், ஒரே நாளில், நாட்கூலிக்கு அதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயது.

அடடா, அது என்ன காலம்! விடிய ஐந்து மணிக்கே அக்கரையில் தயிர்ச்சட்டிக்காரர்கள் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், வயல் வட்டைக்குப் போகிறவர்கள், அறுவடைக் காலமென்றால் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள். மாப்பிள்ளை வீட்டார் வெடி கொளுத்திக்கொண்டு ஏறுவார்கள். பிள்ளைப்பேற்று நோவோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் அத்தனை பேரும் இறங்கி நின்று கயிற்றில் கை கொடுப்பார்கள். ஒரு குழந்தை நடு வாவியில், பாதையிலேயே பிறந்தது. கந்தப்போடி தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அன்று முழுக்க வெறும் மேலோடு கயிறு இழுத்தார். இப்றாஹிம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நோன்பு மாதத்தில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கந்தப்போடி அவரைக் கயிற்றில் கைவைக்க விடமாட்டார். "நீ அங்கால போய்க் குந்து, வாய் காஞ்சு செத்துப் போயிராத," என்று விரட்டிவிட்டு இரண்டு ஆள் வேலையையும் தானே பார்ப்பார். சித்தாண்டி முருகன் கோயில் திருவிழா வந்தால் கந்தப்போடி போய்விடுவார், இப்றாஹிம் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்வார். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கூலி குறைவு, கை முழுக்கக் காய்ப்பு, ஆனாலும் அந்தக் காலத்தில் கிடைத்த சந்தோசம் பிறகு இப்றாஹிமுக்குக் கிடைக்கவேயில்லை. இன்றைக்கும் வாவிப் பக்கமிருந்து காற்று வந்தால் மனிதர் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடுவார்.

எண்பத்தாறில் நாட்கூலிக்காரர்களை நிரந்தரமாக்க நேர்முகப் பரீட்சை வந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகள் மாவட்டக் காரியாலயமான கச்சேரியில் இரண்டு நாள் இருப்பார்கள். இருவருக்கும் கடிதம். ஆனால் பாதையை நிறுத்த முடியாது, ஒரு நாளைக்கு ஓராள்தான் போகலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். யார் முதலில் போவது என்று ஒரு பேச்சும் இருக்கவில்லை. இப்றாஹிம்தான், "நான் முதல் போறனே மச்சான்," என்றார். "ஓம், போயிட்டு வா. நான் நாளைக்குப் போறன்," என்றார் கந்தப்போடி. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் ஊரடங்கு. அதற்கு மறுநாளும் ஊரடங்கு. அதிகாரிகள் பட்டியலை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த முறை எடுப்போம் என்றார்கள். அந்த அடுத்த முறை வரவேயில்லை.

தொண்ணூறில் கலவரம் வந்து தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று இரண்டுபட்டபோது இப்றாஹிமை நகரத்துக் காரியாலயத்துக்கு மாற்றினார்கள். ஏழு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த ஏழு வருடத்தைப் பற்றி இருவரும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. திரும்பவும் துறைக்கு வந்த அன்று இப்றாஹிம் பயந்து பயந்துதான் பாதையில் ஏறினார். கந்தப்போடி நடு வாவியில் பாதையை நிறுத்தினார். ஏறியிருந்தவர்கள் நேரம் போகுது என்று கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அருகே வந்து இப்றாஹிமின் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்துவிட்டு, "இழு," என்றார். இருவரும் அழுதுகொண்டே இழுத்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அறுபது வயதானது. இப்றாஹிமுக்குப் பணிக்கொடையும் மாதாமாதம் பென்சனும் கிடைத்தது. அதே அறுபது வயதுக் கந்தப்போடி நாட்கூலிக்காரராகவே இன்னும் மூன்று வருடம் இழுத்தார். பாலம் திறந்த அன்றோடு அவருக்கு வேலை இல்லை. வீட்டு வளவையும் வட்டையில் இருந்த துண்டு வயலையும் ஊர் வழக்கப்படி இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. அவரும் மனைவி அன்னப்பூரணியும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். மருமகன்மாரின் கையை எதிர்பார்க்கிற மனிதர் அல்ல அவர். அன்னப்பூரணிக்கு அப்போதே சீனி வருத்தம் என்கிற நீரிழிவு.

பென்சன் எடுத்த முதல் மாதமே இப்றாஹிம் மூவாயிரம் ரூபாயைக் கொண்டுபோய் நீட்டினார். கந்தப்போடி அதைப் பார்த்த பார்வை! "ஆருக்குப் பிச்சை போட வந்தாய்?" என்று கேட்டுவிட்டு மூன்று கிழமை பேசவில்லை. அந்த மூன்று வாரமும் இப்றாஹிம் சோறு உண்டாரோ என்னவோ. பிறகுதான் அந்தத் தங்கமான பொய் அவர் மூளையில் உதித்தது.

"மச்சான், எனக்கொரு உபகாரம் செய்யோணும். பணிக்கொடைக் காசு பேங்கில கிடக்கு. நான் கேக்காமலே வட்டி போடுறானுகள். நமக்கு வட்டி ஹறாம், தெரியும்தானே. அத வெச்சிரிக்கவும் ஏலாது, தின்னவும் ஏலாது. நீ எடுத்து என்னத்தையாவது செஞ்சு தொலை. எனக்குப் பாரம் குறையும்."

கந்தப்போடி நெடுநேரம் யோசித்தார். "உனக்குப் பாவமெண்டா கொண்டு வா. நம்மட முருகன் வட்டிக் கணக்குப் பாக்கிறல்ல," என்றார். அன்றைக்குத் தொடங்கியது. வட்டியை உண்மையிலேயே இப்றாஹிம் ஒரு சதம் தொட்டதில்லை. அதை ஒதுக்கி, அதற்கு மேலே பென்சனிலிருந்து போட்டு, எல்லாமே வட்டி என்று கொடுத்தார். பென்சன் கூடக் கூட, "பேங்கில வட்டியக் கூட்டிப் போட்டானுகள்," என்று மூவாயிரம் ஐந்தாயிரமாகி, ஐந்தாயிரம் பத்தாயிரமானது. கொடுக்கிறவர் நாணமில்லாமல் கொடுத்தார். வாங்குகிறவர் தலை நிமிர்ந்து வாங்கினார். இதைவிட என்ன வேண்டும்?

அதைத்தான் இப்போது தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

கந்தப்போடி சொன்னால் சொன்னதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேதீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு இப்றாஹிமின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தப் பிள்ளை கையில் ஒரு படிவம்.

"ஐயா, இது பெரிய வேலை இல்ல," என்றாள் கேதீஸ்வரி. "அரசாங்கப் பென்சனுக்கு வரி இல்ல, அது எவ்வளவெண்டாலும். வட்டிக்குத்தான் பேங்கில பிடிக்கிறாங்க. மத்த வருமானம் வருசத்துக்குப் பதினெட்டு லட்சத்துக்கு உள்ளயெண்டா, இந்தப் பிரகடனத்த நிரப்பிக் குடுத்தாப் பிடிக்க மாட்டாங்க. வரி இலக்கம் ஒண்டு எடுக்கோணும். அத நான் போன்லயே எடுத்துத் தாறன். நீங்க கையெழுத்து வெச்சாச் சரி."

"கேட்டியா?" என்றார் கந்தப்போடி, தானே சட்டம் இயற்றியவர்போல. "ஆயிரம் ரூபாய்! மாசாமாசம்! வெய்டா கையெழுத்து."

இப்றாஹிம் படிவத்தை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார். வருடத்து வட்டி வருமானம் எவ்வளவு என்று ஒரு கட்டம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அதில் எதை எழுதுவது?

"இதில என்னா எழுதியிரிக்கு? வட்டி வருமானம்! நான் வட்டி திண்டதா என்ட கையாலயே எழுதிக் குடுக்கிறதா? மறுமையில என்ன பதில் சொல்லுற? ஏலா பிள்ளை, ஏலா."

"அப்ப என்ட வருமானமெண்டு எழுது," என்றார் கந்தப்போடி. "நான்தானே திங்கிறன்."

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, அப்பிடி எழுதேலாது. கணக்கு ஆர்ர பேரில இரிக்கோ அவங்கதான் சொல்லோணும்."

"அப்ப அவன்ட பேரில வருமானம், என்ட வயித்தில சாப்பாடு. நல்ல சட்டம்!" கந்தப்போடிக்குக் கோபம் ஏறியது. "டேய், நீ எழுதாட்டி அல்லாஹ்வுக்குத் தெரியாதா? ஆண்டவனுக்கே தெரிஞ்சத அரசாங்கத்துக்குச் சொல்லுறதில என்ன குறைஞ்சு போகுது?"

இப்றாஹிம், யோசித்துச் சொல்லுறன் என்று இழுத்தார். கந்தப்போடி விடவில்லை. புதன்கிழமை ஒன்பது மணிக்கு வங்கி வாசலில் நிற்பேன், வராவிட்டால் வீட்டுக்கு வந்து இழுத்துப் போவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன கையோடு நபீஸா உள்ளேயிருந்து வந்தாள். கண்ணில் இன்னும் கறுப்புக் கண்ணாடி.

"உண்மையச் சொல்லிப் போடுங்களன்."

"சொன்னா வாங்க மாட்டான்."

"வாங்காட்டி விடுங்க. நீங்க குடுக்கத் தயார்தானே. அல்லாஹ் அதப் பாக்கிறான்."

"அவன் வாங்காட்டி என்ன நடக்கும் தெரியுமா? முதியோர் கொடுப்பனவு ஐயாயிரம், அதுதான் அவங்களுக்கு இரிக்கிற. அந்தக் காசில அன்னப்பூரணிக்கு ஊசி மருந்து வாங்குறதா, அரிசி வாங்குறதா? அதோட..." இப்றாஹிம் படிவத்தை மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தார். "பதினாலு வருசமா அவன ஏமாத்தினவன் எண்டு என்னப் பாப்பான் நபீஸா. மூணு கிழமை பேசாம இரிந்தவன். இந்த முறை எத்தன கிழமையோ. நமக்கும் வயசு என்ன கிடக்கு?"

நபீஸா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

புதன்கிழமை வங்கியில் கூட்டம். கந்தப்போடி வெள்ளைச் சேர்ட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கலியாண வீட்டுக்கு வந்தவர்போல நின்றார். நண்பனுக்கு ஒரு நியாயம் வாங்கிக் கொடுக்கப்போகிற மிடுக்கு. இப்றாஹிமுக்கு அதைப் பார்க்கவே நெஞ்சு பொறுக்கவில்லை.

"மச்சான், நீ வெளியில இரி. நான் குடுத்திட்டு வாறன்."

"ஏன், நீ திரும்பவும் மறுமை கிறுமையெண்டு ஓடி வாறதுக்கா? நட."

கவுண்டரில் இருந்த ஸாதியா காத்தான்குடிப் பிள்ளைதான், இப்றாஹிமின் தெரு. அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். பாஸ்புக்கை வாங்கி இயந்திரத்தில் பதித்தெடுத்தாள். படிவத்தையும் பார்த்தாள்.

"காக்கா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? தாராளமாக் குடுக்கலாம். ஆனா உங்களுக்குப் போன மாசம் பிடிச்ச வரியே தொண்ணூத்தெட்டு ரூபாய்தான்."

"எவ்வளவு?" என்றார் கந்தப்போடி.

"தொண்ணூத்தெட்டு."

"ஆயிரம் பிடிச்சயெண்டு இவன் சொன்னான்."

"ஆயிரமா? இல்லையே." அவள் பாஸ்புக்கைத் திருப்பிக் காட்டினாள். "இஞ்ச பாருங்க, வட்டி தொள்ளாயிரத்து எண்பது. அதில பத்து வீதம் தொண்ணூத்தெட்டு. ஆயிரம் ரூபாய் வரி பிடிக்கோணுமெண்டா மாசம் பத்தாயிரம் வட்டி வரோணும். அதுக்கு இந்தக் கணக்கில நாப்பது லட்சமாவது கிடக்கோணும் காக்கா. இதில கிடக்கிறது நாலு லட்சமும் இல்ல."

பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்! சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கந்தப்போடி படிப்பு அவ்வளவாக இல்லாதவர். ஆனால் பாதையில் எத்தனை மூட்டை ஏறினால் அது தண்ணீரில் எத்தனை விரல் தாழும் என்று பார்வையிலேயே சொன்ன மனிதர். கணக்கு அவருக்கு ஓடாமலா இருக்கும்? பாஸ்புக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். பின்னுக்குத் தட்டினார். ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி ஒரு பென்சன் வரவு. அதன் கீழே பத்தாயிரம் எடுப்பு. அதற்கு முந்தின பக்கத்திலும் அப்படியே. அதற்கு முந்தின பக்கத்திலும்.

இப்றாஹிம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வட்டியெண்டுதானே தந்தாய்?" என்றார் கந்தப்போடி மெதுவாக.

"மச்சான்..."

"நான் உனக்கு உபகாரம் செய்யிறெண்டு நினைச்சு நினைச்சு வாங்கினன்."

பாஸ்புக்கைக் கவுண்டரில் வைத்தார். வெளியே போனார். சைக்கிளில் ஏறாமல் அதை உருட்டிக்கொண்டே வீதியில் நடந்தார். இப்றாஹிம் கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படிவம் கையெழுத்து இல்லாமலே ஸாதியாவின் மேசையில் கிடந்தது.

ஜூலை மாதத்துப் பென்சன் விழுந்தது. பதினோராம் திகதி இப்றாஹிம் தேநீர்க்கடையில் போய் உட்கார்ந்தார். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. மூன்று பிளேன்டீ குடித்தார். கடைக்காரன் இளையதம்பி, "என்ன காக்கா, கூட்டாளியக் காணல்ல?" என்று கேட்டதற்கு, "வருவான்," என்றார். வரவில்லை.

எழும்பிப் பாலத்தின் மேல் கொஞ்சத் தூரம் நடந்தார். கீழே தண்ணீர் வழக்கம்போல ஓட்டமில்லாமல் கிடந்தது. பழைய துறையின் கொங்கிறீட் மேடை மட்டும் ஒரு பக்கம் மிச்சம். முன்னர் இந்தத் தூரத்தைக் கடக்கக் கால் மணித்தியாலம் எடுக்கும், அதற்குள் ஒரு ஊர்க் கதை முழுக்கப் பேசி முடித்துவிடுவார்கள். இப்போது மோட்டார் சைக்கிள்கள் ஒரு நிமிடத்தில் பறந்தன. அக்கரைக்கு நடந்தே போய்விடலாம், அரை மணித்தியாலம்தான். ஆனால் எந்த முகத்தோடு போவது? போய், மன்னித்துக்கொள் என்பதா? எதற்கு மன்னிப்பு? பொய் சொன்னதற்கா, அல்லது அதற்கும் முன்னர் நடந்ததற்கா?

நடந்தது அதுதான். முப்பத்தொன்பது வருடமாக அவருக்குள் கிடந்து அரித்தது அந்த ஒரு வார்த்தைதான், நான் முதல் போறனே மச்சான் என்றது. அதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் கந்தப்போடி போயிருப்பார். கந்தப்போடிக்கு இன்று பென்சன். அவருக்குப் பிறகு அன்னப்பூரணிக்கும் விதவைப் பென்சன். பத்தாயிரம் கொடுத்தார், பதினாலு வருடம் கொடுத்தார் என்று ஊர் மெச்சலாம். இப்றாஹிமுக்கு அது கொடுத்ததாகவே இருக்கவில்லை. திருப்பிக் கொடுத்ததாக மட்டுமே இருந்தது, அதுவும் கால்வாசி.

அந்த மாதம் நபீஸா அவருக்குத் தெரியாமல் பேரன் றுஸ்தியிடம் அன்னப்பூரணிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தனுப்பினாள். மருந்து போன வேகத்தில் திரும்பி வந்தது.

ஓகஸ்ட் பதினோராம் திகதி இப்றாஹிம் கடைக்குப் போகவில்லை. விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு வந்து வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். தாடி வழிக்கவில்லை, தேத்தண்ணி வேண்டாமென்றார். எட்டு மணியிருக்கும், கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது.

கந்தப்போடி. வெயிலில் முகம் கறுத்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். இப்றாஹிம் எழும்பினார்.

"கடையில போய் அரை மணித்தியாலம் இரிந்தன்," என்றார் கந்தப்போடி. "உன்னக் காணல்ல. ஏன் வரல்ல?"

"நீ வர மாட்டாயெண்டு..."

"பென்சன் விழுந்திட்டா?"

இப்றாஹிம் தலையாட்டினார். சேர்ட் பைக்குள் தடவி, பாஸ்புக்கை எடுத்தார். "இந்த மாசம் வட்டி தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. அத மட்டும் எடுத்து வெச்சிரிக்கன். அது பொய் இல்ல மச்சான், சத்தியமா வட்டிதான். அதையாவது நீ..."

"வட்டிய ஆர் கேட்ட உன்னட்ட?" கந்தப்போடி சத்தம் போட்டார். உள்ளே நபீஸாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "அதில அரசாங்கம் பத்து வெட்டட்டும், இருபது வெட்டட்டும், முழுசையும் கொண்டு போகட்டும். இல்லாட்டிப் பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் குடு. எனக்கு வேணாம். உனக்குப் பாவமான காசு எனக்கும் வேணாம்."

"அப்ப?"

"பென்சன்ல தா."

இப்றாஹிம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டு மாசமா யோசிச்சன்," என்றார் கந்தப்போடி. குரல் இறங்கியிருந்தது. "முதல் கோபம்தான் வந்திச்சு. உன்னக் கண்டா அடிக்கோணும்போல இரிந்திச்சு. மறுகா யோசிச்சுப் பாத்தன். அந்தக் கயித்தில என்ட கையும் இரிந்ததுதானே. இருபத்தஞ்சு வயசில இருந்து இழுத்தனே. உன்ட பேருக்கு வாற பென்சன்ல எனக்கும் பங்கு இரிக்கோ இல்லையோ? இரிக்கு. அத வட்டியெண்டும் ஹறாமெண்டும் என்னத்துக்கு ஒளிச்சு ஒளிச்சுத் தந்தாய்? பென்சனெண்டு சொல்லித் தா. நான் உழைச்ச காசு, நிமிந்து நிண்டு வாங்குவன்."

இப்றாஹிமுக்கு அடக்க முடியவில்லை. முப்பத்தொன்பது வருடமாகத் தொண்டைக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது. சின்னப் பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார்.

"அண்டைக்கு நான் முதல் போறெண்டு சொல்லாம இரிந்திரிக்கோணும் மச்சான். நீ போயிரிந்தா பென்சன் உனக்கு. உன்ட வாழ்க்கைய நான்தான் எடுத்திட்டன்."

கந்தப்போடிக்கு முதலில் விளங்கவில்லை. கச்சேரி, நேர்முகப் பரீட்சை, ஊரடங்கு எல்லாம் அவருக்கு மெல்லத்தான் நினைவுக்கு வந்தது. இந்த மனிதன் இத்தனை வருடமும் அதையா சுமந்துகொண்டு திரிந்தான் என்று அவரால் நம்ப முடியவில்லை. பிறகு பக்கத்தில் வந்து, இப்றாஹிமின் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தார்.

"விசரா உனக்கு?" என்றார். "அண்டைக்கு நான் போய், பென்சன் எனக்கு வந்திரிந்தா, உனக்கு நான் தந்திரிக்க மாட்டனா?"